விருந்துக்கு முன் ஒரு பசி

என் நண்பர் ஒருவர் சாப்பாட்டுப் பிரியர். அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. வயிற்றை வருத்துகிற எந்த விரதத்தையும் அவர் மதிப்பதில்லை. ஒருநாள் மாலை அவர் ஒரு பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். யூதர்களின் பண்டிகைகளைப் பற்றி அதில் ஒரு கட்டுரை வந்திருந்தது.

"இந்த வேடிக்கையைக் கேளுங்கள்" என்றார். "இவர்களுக்கு வருஷத்திலேயே மிகவும் குதூகலமான பண்டிகை பூரீம் என்பதாம். வேஷம் போட்டுக்கொள்கிறார்கள்; ஆடுகிறார்கள்; விருந்து சாப்பிடுகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் அதற்கு முதல் நாள் பகல் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் பட்டினி கிடக்கிறார்கள். துக்கத்துக்குப் பட்டினி கிடந்தால் புரிகிறது. பாவத்துக்குப் பிராயச்சித்தமாகக் கிடந்தாலும் புரிகிறது. சந்தோஷப்படுவதற்கு எதற்காக ஐயா பட்டினி?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே ஒரு பதிலையும் சொல்லிவிட்டார்: "வயிற்றைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தால் விருந்து ருசிக்கும். அதுதான் சூட்சுமம்!" காப்பியைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் போய்விட்டார், கேள்வி போகவில்லை. அந்தப் பண்டிகைக்கு மூலமான எஸ்தர் கதையைக் கல்லூரி நாட்களில் தமிழ் வேதாகமத்தில் படித்திருக்கிறேன். அப்போது அது எனக்கு ஓர் அழகிய பெண், ஒரு கொடிய மந்திரி, கடைசி நிமிஷத்தில் ஒரு திருப்பம் என்ற அளவில்தான் மனத்தில் நின்றது. அன்று இரவு அந்தப் பத்து அதிகாரங்களையும் மறுபடி எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை என் கண்ணில் பட்டவை வேறு. அவற்றைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பண்டிகையைப் பற்றி. நிசான் மாதத்திலிருந்து எண்ணினால் யூத நாள்காட்டியில் 12வது மாதம் ஆதார். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களை ஒட்டி வருவது. அதன் 14ஆம் தேதி பூரீம். மிகப் பழைய காலத்திலேயே மதில் சூழ்ந்திருந்த ஊர்களில், முக்கியமாக எருசலேமில், 15ஆம் தேதி கொண்டாடுகிறார்கள். முதல் நாள் இரவிலும் மறுநாள் பகலிலும் ஜெப ஆலயத்தில் எஸ்தரின் கதையைத் தோல் சுருளிலிருந்து வாசிப்பார்கள். கொடியவனான ஆமானின் பெயர் வருகிறபோதெல்லாம் குழந்தைகள் காலால் தரையை உதைத்து, கிலுகிலுப்பையைச் சுழற்றி, அந்தப் பெயர் காதில் விழாதபடி செய்துவிடுவார்கள். கசகசாவை உள்ளே வைத்து முக்கோணமாக மடித்துச் சுட்ட பலகாரம் ஒன்று உண்டு. அதற்கும் ஆமானின் பெயர்தான். அன்று ஆமானுக்கு இடும் சாபத்துக்கும் அவனுடைய எதிராளிக்குச் சொல்லும் வாழ்த்துக்கும் பேதம் தெரியாமல் போகும்வரை குடிக்கலாம் என்று தால்மூது நூலில் ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். வருஷம் முழுவதும் சாஸ்திரக் கட்டுப்பாட்டில் வாழும் ஒரு ஜனம், அன்று ஒருநாள் குழந்தையாகிவிடுகிறது.

இந்தக் கொண்டாட்டத்துக்கு முந்திய நாள், ஆதார் 13ஆம் தேதி, 'எஸ்தரின் உபவாசம்'. வைகறையிலிருந்து நட்சத்திரம் தெரியும்வரை அன்னமும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆயினும் யூதர்களின் உபவாசங்களுக்குள் இது கடுமையானது அன்று. 16ஆம் நூற்றாண்டில் போலந்து நாட்டுக் கிராக்கோ நகரில் வாழ்ந்த மோசே இசர்லெஸ் என்ற சாஸ்திர அறிஞர், கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இதை இருக்க வேண்டியதில்லை என்கிறார். கண்வலிக்காரர்களுக்குக்கூட விலக்குக் கொடுத்திருக்கிறார். 13ஆம் தேதி ஓய்வுநாளான சனிக்கிழமையில் வந்துவிட்டால், ஓய்வுநாளின் மகிழ்ச்சியைப் பசி தொடக் கூடாது என்று உபவாசத்தை முந்திய வியாழக்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள். வெள்ளிக்கிழமையிலும் வைப்பதில்லை, அது ஓய்வுநாளுக்குத் தயாராகும் நாள்.

ஒரு செய்தி எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு காலத்தில் இதே 13ஆம் தேதி உபவாசம் கூடாத நாளாக இருந்தது. கி.மு. 161இல் நிக்கானோர் என்ற பகைத் தளபதியை யூதாஸ் மக்கபே போரில் வென்ற நாள் அது. வெற்றி விழா நாள். காலம் செல்லச் செல்ல அந்த விழா வழக்கொழிந்து போயிற்று. தால்மூதுக்குப் பின்வந்த காலத்தில் அதே இடத்தில் இந்த உபவாசம் வந்து அமர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ், யூதர் அனைவரும் இதைக் கைக்கொள்வதாகத் தம் நூலில் குறிக்கிறார். வெற்றியின் ஆரவாரம் மறந்துவிட்டது, பசி நிலைத்துவிட்டது.

ஏன் இந்தப் பசி?

என் நண்பர் சொன்ன காரணம் ஒன்று: விருந்து ருசிக்கும். அதுதான் என்றால் உபவாசத்துக்கும் பசியைத் தூண்டும் கஷாயத்துக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டாவது, இன்னும் கௌரவமான ஒரு காரணம்: முதலில் துன்பத்தைக் கொடு, பிறகு இன்பத்தை வாங்கிக்கொள். இது கடவுளோடு நடத்தும் வியாபாரம். மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நம்மில் பலருடைய நெஞ்சில் அது இருக்கிறது. 'ரொம்பச் சிரிக்காதே, அப்புறம் அழுவாய்' என்று குழந்தையைத் தாய் எச்சரிக்கிறாளே, அந்தப் பயம். மகிழ்ச்சியைக் கண்டு விதி பொறாமைப்படுமோ என்று முன்கூட்டியே கொஞ்சம் துன்பத்தைக் காணிக்கை வைத்துவிடுவது. ஆனால் விதிக்குப் பயந்து வைத்த உபவாசமாக இருந்தால் கண்வலிக்காரனுக்கு விலக்குக் கொடுத்திருப்பார்களா? பயத்தில் பிறந்த சடங்குகள் அவ்வளவு கருணையோடு இருப்பதில்லை.

ஆகவே கதைக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

கதை ஒரு விருந்தில் தொடங்குகிறது. பாரசீக ராஜா அகாஸ்வேரு 127 நாடுகளை ஆண்டவன் என்கிறது நூல். அவனை, கி.மு. 486 முதல் 465 வரை அரசாண்ட முதலாம் செர்க்சஸ் என்று பலர் கருதுகிறார்கள். அவன் ராஜ்யத்தின் ஓர் எல்லை எத்தியோப்பியா. மற்றோர் எல்லை இந்தியா. எபிரெய வேதத்தில் நம் தேசத்தின் பெயர் வருவது இந்த ஒரு நூலில்தான். அவனுடைய தோட்டத்தில் தொங்கிய திரைகளில் ஒன்றுக்குச் சொல்லப்படும் 'கர்பாஸ்' என்ற சொல்லும், பருத்திக்கு நம்மவர் வழங்கிய 'கார்ப்பாசம்' என்ற வடசொல்தான். அந்தத் தோட்டம் இருந்த சூசான் நகரம், இன்று ஈரானின் தென்மேற்கில் ஷூஷ் என்ற பெயரோடு இருக்கிறது.

ராஜா தன் செல்வத்தைப் பிரபுக்களுக்குக் காட்ட 180 நாள் விருந்து செய்கிறான். அது போதாதென்று நகரத்தாருக்கு 7 நாள் விருந்து. குடிபோதையில், தன் ராணி வஸ்தியின் அழகை எல்லாரும் பார்க்கட்டும் என்று அவளை அழைக்கிறான். அவள் வர மறுக்கிறாள். அவளைத் தள்ளிவிடுகிறான். வேறு ராணி தேடுகிறார்கள். தாய் தகப்பன் இல்லாத எஸ்தர் என்ற யூதப் பெண் அகப்படுகிறாள். அவளை வளர்த்தவன் அவளுடைய பெரிய தகப்பன் சிறிய தகப்பன் வழி உறவினனான மொர்தெகாய். தன் குலத்தை யாரிடமும் சொல்லாதே என்று அவளுக்குச் சொல்லி அனுப்புகிறான். அவள் ராணியாகிறாள். அதற்கும் ஒரு விருந்து.

பிறகு ஆமான் வருகிறான். ராஜாவுக்கு அடுத்த பதவி. எல்லாரும் அவனை வணங்குகிறார்கள், மொர்தெகாய் வணங்கவில்லை. ஒருவன்மேல் வந்த கோபத்துக்கு அவனுடைய ஜனம் முழுவதையும் அழிக்க வேண்டும் என்று ஆமான் தீர்மானிக்கிறான். எந்த நாளில் என்று சீட்டுப் போடுகிறான். சீட்டுக்குப் 'பூர்' என்று பெயர்; பண்டிகையின் பெயரே அதிலிருந்து வந்தது. ஆதார் 13ஆம் தேதி விழுகிறது. கிழவர், குழந்தை, பெண் என்று பாராமல் ஒரே நாளில் யூதர்கள் அனைவரையும் கொன்றுவிடவேண்டும் என்று ராஜ முத்திரையிட்ட கட்டளை, குதிரையேறி நாடெங்கும் போகிறது.

கட்டளை புறப்பட்ட அதே வேளையில் நடந்ததை நூலாசிரியர் ஒரு சின்ன வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். ராஜாவும் ஆமானும் குடிக்க உட்கார்ந்தார்கள். வெளியே நகரம் கலங்கிக் கிடந்தது. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பல பக்கங்கள் எழுதியும் நம்மால் காட்ட முடியாததை அவர் இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துக் காட்டிவிட்டார். மதிலுக்கு உள்ளே கிண்ணம்; மதிலுக்கு வெளியே கலக்கம். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே நடப்பது கேட்கவில்லை.

மொர்தெகாய் தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு, இரட்டுத் துணி உடுத்தி, சாம்பலைப் போட்டுக்கொண்டு, ஓலமிட்டபடி அரண்மனை வாசல்வரை வருகிறான். வாசலுக்கு உள்ளே போக முடியாது. இரட்டுடுத்தவன் அரண்மனை வாசலுக்குள் நுழையக் கூடாது என்பது சட்டம். துக்கத்துக்கு உள்ளே இடம் இல்லை.

செய்தி எஸ்தருக்குப் போகிறது. அவள் என்ன செய்கிறாள்? கல்லூரியில் படித்தபோது நான் கவனிக்காமல் தாண்டிப்போன இடம் இதுதான். அவள் மனம் பதறுகிறாள்; உடனே அவனுக்கு நல்ல உடைகள் கொடுத்தனுப்புகிறாள், இரட்டைக் களைந்துவிட்டு உடுத்திக்கொள்ளட்டும் என்று.

அவள் கெட்டவள் அல்லள். அவனிடம் அன்பு இருக்கிறது, அதனால்தான் பதறுகிறாள். ஆனால் அரண்மனையில் இருந்து இருந்து, துக்கத்தைக் கண்டால் அதன்மேல் ஒரு நல்ல துணியைப் போர்த்திவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. என்ன நேர்ந்தது என்று கேட்பதற்கு முன்னாலேயே உடை புறப்பட்டுவிடுகிறது. சௌகரியமாக வாழ்கிறவர்களின் இரக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. துன்பப்படுகிறவன் நம் கண்முன் துன்பப்படாமல் இருந்தால் போதும் என்று நாம் அவசரப்படுகிறோம்.

மொர்தெகாய் அந்த உடைகளை ஏற்கவில்லை.

அதன் பிறகுதான் அவள் ஆள் அனுப்பிக் காரணம் கேட்கிறாள். கட்டளையின் பிரதி அவளிடம் வருகிறது. ராஜாவிடம் போய் மன்றாடு என்ற சொல்லும் வருகிறது. அவள் தயங்குகிறாள். அழைக்காமல் உள்முற்றத்துக்குள் போகிறவன் எவனாயினும் சாக வேண்டும்; ராஜா பொற்செங்கோலை நீட்டினால்தான் பிழைப்பு. 30 நாட்களாக ராஜா அவளை அழைக்கவில்லை. மொர்தெகாய் மறுபடி சொல்லி அனுப்புகிறான்: அரண்மனையில் இருப்பதால் நீ மட்டும் தப்பிவிடலாம் என்று நினைக்காதே; நீ பேசாதிருந்தால் மீட்பு வேறு எங்கிருந்தாவது வரும்; இப்படிப்பட்ட ஒரு வேளைக்காகவே உனக்கு ராணிப் பட்டம் வந்ததோ, யார் கண்டது?

அப்போது எஸ்தர் கேட்கிற உதவியைப் பாருங்கள். ஆயுதம் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. சூசானில் உள்ள யூதர் எல்லாரையும் கூட்டி, எனக்காக மூன்று நாள், இரவும் பகலும், உண்ணாமலும் குடியாமலும் இருங்கள். நானும் என் தாதிமாரும் அப்படியே இருப்போம். அதன் பின் சட்டத்தை மீறி ராஜாவிடம் போகிறேன். அழிந்தால் அழிகிறேன் என்று சொல்லி அனுப்புகிறாள்.

இந்த இடத்தில் கதை முழுவதும் திரும்பிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சற்று முன்பு அரண்மனையிலிருந்து வெளியே உடையை அனுப்பியவள், இப்போது வெளியே இருக்கிற பசியை அரண்மனைக்குள் அழைத்துக்கொள்கிறாள். இரட்டுத் துணி அந்த வாசலைத் தாண்ட முடியாது; காவல்காரன் தடுப்பான். பசியை எந்தக் காவல்காரன் தடுக்க முடியும்? மதிலுக்கு வெளியே நகரத்தில் பசி. மதிலுக்கு உள்ளே ராணியின் அறையில் அதே பசி. தன் குலத்தை மறைத்து வாழ்ந்தவள், வாய் திறந்து சொல்வதற்கு முன்னால் வயிற்றினால் தன் ஜனத்தோடு சேர்ந்துவிட்டாள்.

உபவாசம் என்ற வடசொல்லுக்கு 'அருகில் இருத்தல்' என்பது பொருள். கடவுளின் அருகில் இருத்தல் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். இந்த நூலில் ஓர் அதிசயம் உண்டு. பத்து அதிகாரங்களிலும் கடவுளின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. தொழுகை, ஜெபம் என்ற சொற்களும் இல்லை. இருப்பது இந்த மூன்று நாள் பசி மட்டுமே. பெயர் சொல்லி அழைக்கப்படாத ஒருவரை நோக்கி அந்த ஜனம் திரும்புகிறது என்பதற்கு நூலில் வேறு அடையாளம் கிடையாது. எஸ்தர் என்ற பெயரையே 'மறைந்திருத்தல்' என்ற எபிரெயச் சொல்லோடு இணைத்துப் பார்த்தார்கள் தால்மூது ஆசிரியர்கள். மறைந்திருப்பவருக்கு அருகில் போக அவள் கண்ட வழி, மதிலுக்கு வெளியே நின்றவர்களுக்கு அருகில் போனதுதான். இரண்டும் அவளுக்கு ஒரே பயணமாகிவிட்டது.

மற்றொன்றையும் நாம் மறக்கக் கூடாது. அவள் பசித்திருந்தபோது அவளுக்குக் கதையின் முடிவு தெரியாது. செங்கோல் நீளுமா, வாள் உயருமா என்று தெரியாது. முடிவு தெரிந்த நமக்கு அது மகிழ்ச்சியின் முதல் நாள்; அவளுக்கு அது ஒருவேளை வாழ்வின் கடைசி நாள். பண்டிகைக்கு முன் உபவாசம் இருக்கிறவன் ஒரு பகல் மட்டும் தனக்குத் தெரிந்த முடிவை ஒதுக்கி வைத்துவிட்டு, முடிவு தெரியாதவர்களோடு உட்காருகிறான். மகிழ்ச்சி தானாக வந்தது அன்று, வராமலும் போயிருக்கலாம் என்பதை அந்தப் பகல் அவனுக்கு நினைவூட்டுகிறது. துன்ப காலத்தில் உள்ளத்தோடு கூப்பிடுகிற எவனுடைய குரலும் மேலே கேட்கப்படுகிறது என்பதை நினைப்பூட்டவே இந்த நாள் ஏற்பட்டது என்று, 1933இல் மறைந்த யூத அறிஞர் இஸ்ரவேல் மெயிர் ககன் விளக்கம் எழுதியிருக்கிறார்.

அடுத்து நடப்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். செங்கோல் நீள்கிறது. எஸ்தர் ராஜாவையும் ஆமானையும் விருந்துக்கு அழைக்கிறாள். மறுநாளும் ஒரு விருந்து. அங்கே தன் குலத்தைச் சொல்லி, தன் ஜனத்தின் உயிரைக் கேட்கிறாள். மொர்தெகாய்க்காக ஆமான் நாட்டி வைத்த 50 முழத் தூக்குமரத்தில் ஆமானே தூக்கப்படுகிறான்.

பூரீம் இரவில் இந்தக் கதையை வாசிக்கும் முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பொழுது சாய்ந்துவிட்டது, உபவாச நேரம் முடிந்துவிட்டது. ஆனாலும் கதையைக் கேட்டு முடிக்கும்வரை சாப்பிடக் கூடாது. அதாவது, 180 நாள் விருந்தில் தொடங்குகிற ஒரு கதையை, பகல் முழுவதும் தண்ணீர் தொடாத ஜனங்கள் காய்ந்த வயிற்றோடு கேட்கிறார்கள். ராஜாவின் விருந்தில் வகைவகையான பொற்கிண்ணங்கள் இருந்தன என்ற இடம் வரும்போது, ஐரோப்பிய யூதர்களிடையே வாசிப்பவர் சட்டென்று ராகத்தை மாற்றிப் புலம்பல் நூலின் துக்க ராகத்தில் பாடுவார். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேம் தேவாலயத்தை இடித்துக் கொள்ளையிட்ட பாத்திரங்கள் அவை என்பது அவர்களுடைய ஐதிகம். ராஜாவும் ஆமானும் குடிக்க, நகரம் கலங்கியது என்ற இடத்திலும் அதே துக்க ராகம். நிறைந்த வயிற்றோடு கேட்டால் அந்த விருந்து நம் நாவில் நீர் ஊறச் செய்யும். பசித்த வயிற்றோடு கேட்கும்போதுதான், இது யாருடைய கிண்ணம், இவர்கள் குடிக்கும்போது வெளியே நிற்பது யார் என்ற கேள்வி எழுகிறது.

ராஜாவின் விருந்தும் விருந்துதான். பூரீம் விருந்தும் விருந்துதான். இரண்டுக்கும் நடுவே அந்த மூன்று நாள் பசி இருக்கிறது. அதன் பலன் மறுநாள் தெரிகிறது. பூரீம் அன்று ஒவ்வொருவனும் அயலானுக்கு இரண்டு வகை உணவாவது அனுப்ப வேண்டும். குறைந்தது இரண்டு ஏழைகளுக்குத் தானம் கொடுக்க வேண்டும். இவை விருப்பம் இருந்தால் செய்கிற காரியங்கள் அல்ல. விருந்தைப் போலவே கடமைகள். தம் விருந்துக்குச் செலவு செய்வதைக் காட்டிலும் ஏழைகளுக்கு அதிகம் செலவு செய்வதே மேல் என்றும், ஏழை, அநாதை, விதவை, அந்நியன் ஆகியோரின் நெஞ்சைக் குளிரவைப்பதற்கு மேற்பட்ட மகிழ்ச்சி வேறில்லை என்றும் மைமோனிடிஸ் எழுதியிருக்கிறார். நேற்றுத் தானாகப் பசித்தவனுக்கு, தினமும் தானாக அல்லாமல் பசிக்கிறவனின் முகம் இன்று சற்றே தெரியும். சற்றேதான். நேரம் வந்ததும் சாப்பாடு காத்திருக்கிறது என்று தெரிந்திருப்பவனின் பசியும், அப்படி ஒன்றும் தெரியாதவனின் பசியும் ஒன்றல்ல. உபவாசம் இருந்தவன் ஏழையின் பசியை அறிந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டால் அது கர்வம். கதவைத் திறந்து வைத்தேன் என்று மட்டுமே சொல்லலாம்.

இதுவரை சொன்னது எளிது. கடினமான ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதாக இராது.

பாரசீக ராஜாவின் முத்திரையிட்ட கட்டளையை ராஜாவே ரத்து செய்ய முடியாது. ஆகவே யூதர்கள் தங்களைத் தற்காத்துக்கொள்ளலாம் என்று இரண்டாவது கட்டளை பிறக்கிறது. ஆதார் 13ஆம் தேதி சண்டை நடக்கிறது. பகைவரில் 75,000 பேர் மாண்டார்கள் என்கிறது நூல். கொள்ளையில் மட்டும் யூதர்கள் கை வைக்கவில்லை என்று மூன்று முறை சொல்கிறது. இதைக் கதை என்றே பல சரித்திர ஆசிரியர்கள் கருதுகிறார்கள். செர்க்சஸின் ராணிக்கு ஹெரொடோட்டஸ் கொடுக்கும் பெயரும் வேறு. கதையாகவே இருக்கட்டும். அந்த எண்ணைப் படிக்கும்போது என் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. தப்பிப் பிழைத்தவனின் மகிழ்ச்சிக்கும் பழிவாங்கியவனின் மகிழ்ச்சிக்கும் நடுவில் உள்ள சுவர் மிகவும் மெல்லியது.

அந்தச் சுவர் இடிந்தும் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் தேதி பூரீம் நாள். அது ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமையும்கூட. அன்று விடியற்காலையில், ஹெப்ரோன் நகரில் முற்பிதாக்களின் கல்லறைக் குகையில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களின்மேல் யூத மருத்துவன் ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். 29 பேர் மாண்டார்கள். நோன்பு மாதத்தில், தொழுகையில் குனிந்திருந்தவர்கள். இஸ்ரேலின் பிரதமராக இருந்த ராபின் அவனை வன்மையாகக் கண்டித்தார்; யூத உலகில் மிகப் பலர் வெட்கித் தலைகுனிந்தார்கள். ஆயினும் நடந்தது நடந்துவிட்டது. எஸ்தரின் உபவாச நாள் கழிந்த மறுநாள் காலை அது.

பசி தானாக எவனையும் நல்லவனாக்கிவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம். இதை ஏசாயா தீர்க்கதரிசி எப்போதோ கண்டு சொல்லிவிட்டார். உபவாச நாளில் தலையை நாணலைப் போல் வளைத்துக்கொண்டு, அதே நாளில் வேலைக்காரர்களை ஒடுக்குகிறவர்களைப் பார்த்து, இதுவா உபவாசம் என்று கேட்கிறார். கட்டுண்டவனை அவிழ்த்துவிடுவதும் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதுமே உபவாசம் என்கிறார். அந்தப் பகுதியைத்தான் யூதர்கள் தங்கள் மிகப் பெரிய உபவாச நாளின் காலையில், காய்ந்த வயிற்றோடு உட்கார்ந்து வாசிக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். நூலின்படி, யூதர்கள் விருந்துண்டது சண்டை நடந்த 13ஆம் தேதி அன்று. சண்டை ஓய்ந்த மறுநாள். கொண்டாடுவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ஓய்ந்த நாளை. சண்டை நடந்த நாளைப் பிற்காலத்தார் உபவாச நாளாக்கிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து வரும் பஸ்கா பண்டிகையிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. எகிப்தியரின் தலைப்பிள்ளைகள் மாண்ட இரவில் தங்கள் தலைப்பிள்ளைகள் தப்பியதை நினைத்து, பண்டிகைக்கு முதல் நாள் யூதக் குடும்பங்களின் தலைப்பிள்ளைகள் உபவாசம் இருக்கிறார்கள். நான் தப்பினேன் என்ற நினைவோடு, தப்பாதவன் ஒருவன் இருந்தான் என்ற நினைவும் அதில் வந்துவிடுகிறது. இவற்றை ஏற்படுத்தியவர்கள் என்ன நினைத்து ஏற்படுத்தினார்களோ, எனக்கு இப்படித்தான் படுகிறது: மரணம் நடந்த நாளின்மேல் மேஜை போடக் கூடாது என்று யாரோ ஒருவருக்கு மனசாட்சி சொல்லியிருக்கிறது. 75,000 என்ற எண் தரும் சங்கடம் இதனால் தீர்ந்துவிடவில்லை. தீராமல் இருப்பதுதான் நல்லது என்றும் நினைக்கிறேன்.

சில நாட்கள் கழித்து நண்பர் வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னேன். அவருக்கு மிகவும் பிடித்தது கண்வலிக்காரனுக்குக் கிடைத்த விலக்கு. "எனக்கு அடிக்கடி கண் வலிக்கும்" என்றார். பிறகு ராஜாவும் ஆமானும் குடிக்க உட்கார்ந்ததையும், இரட்டுடுத்தவன் வாசலில் நின்றதையும் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"போன வருஷம் என் பெண் கல்யாணத்துக்கு ஆயிரம் இலை போட்டேன்" என்றார், வெகு நேரம் கழித்து. "விருந்தாளிகள் எழுந்திருக்கும்வரை வெளிக் கதவைத் திறக்காதே என்று காவல்காரனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கதவுக்கு வெளியே ஐம்பது, அறுபது பேர் நின்றார்கள் என்று பிற்பாடு சொன்னான். மிச்சமானதை எல்லாருக்கும் கொடுக்கத்தான் சொன்னேன், கொடுத்தும்விட்டான். ஆனால்..."

அவர் முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை" என்றார் எழுந்துகொண்டே.